நாற்பது தப்படி

எங்கள் தீவுக்கு வருகிறவர்கள் கையில் திணிக்கும் வண்ணத்தாளில் ஐந்து அதிசயங்கள் போட்டிருக்கும். கறுப்பு மணல் கடற்கரை, வெந்நீர் ஊற்று, இருவாச்சிப் பறவைகள் அடையும் காடு, கந்தகம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் கணவாய், எல்லாவற்றுக்கும் மேலே ஓயாமல் புகையும் எரிமலை வாய். ஆறாவது அதிசயத்துக்கு ஒரே வரிதான், அதுவும் தாளின் அடியில் சின்ன எழுத்தில்: 'களைப்பின்றி ஏறலாம்.' அந்தச் சின்ன எழுத்துதான் நான்.

என் பெயர் ராஜகனி. வயது நாற்பத்தொன்பது. உத்தியோகம், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது. போர்ட் பிளேயரில் இருக்கும் என் நாத்தனார் இதைக் கேட்டுவிட்டு, "ஒனக்கென்ன மதினி, மகாராணி வேலை" என்றாள். அவளை ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

மலையேறுகிறவர் கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டையை மாட்டிக்கொள்வார். அடிவாரத்துக் கூடத்தில் நானும் அதைப்போல ஒன்றை மாட்டிக்கொண்டு உட்காருவேன். அவர் ஏறுவார். களைப்பு எனக்கு வரும். தொடைக் கடுப்பு, மூச்சிளைப்பு, நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்வது, 'போதும், இங்கேயே உட்கார்ந்துவிடலாம்' என்று மனசு கெஞ்சுவது, எல்லாம் கீழே இறங்கிவிடும். மேலே அவர் பாட்டுப் பாடிக்கொண்டு போவார். இந்தக் கூடத்துக்குக் கம்பெனி வைத்திருக்கும் பெயர் ஓய்வுக்கூடம். பெயர் வைத்த புண்ணியவானை நான் பார்த்ததில்லை.

சேர்ந்த புதிதில் கூடத்து டாக்டர் நப்பின்னையிடம் கேட்டேன். கோயம்புத்தூர்ப் பெண், எனக்கு மகளாக இருக்கும் வயதுதான். களைப்பைத்தான் உடம்பிலிருந்து பிரிக்கத் தெரிந்துவிட்டதே, அதைக் கடலில் கொட்டித் தொலைக்க வேண்டியதுதானே, நடுவில் நாங்கள் எதற்கு என்றேன்.

"மொதல்ல அப்படித்தாங்க்கா செஞ்சு பாத்தாங்க" என்றாள். "களைப்புங்கறது ஒடம்பு மூளைக்கு அனுப்பற புகார். அதை அமுக்கி வெச்சா பத்து நிமிசத்துல ரெண்டு மடங்கா அனுப்புது. யாராச்சும் ஒருத்தர் 'வாங்கிட்டேன்'னு பதில் சொன்னாத்தான் அடங்குது. அந்தப் பதிலை மெஷினுக்குச் சொல்லத் தெரியலைங்க. இன்னொரு மூளைதான் சொல்லோணும்."

"அப்ப நாங்க புகார்ப் பெட்டி."

அவள் தலை குனிந்துகொண்டாள். நல்ல பெண். இந்தத் தீவில் வெட்கப்படத் தெரிந்த ஒரே அதிகாரி அவள்தான்.

எங்கள் உடம்பு உழைக்கவில்லையாம்; அதனால் பட்டையைக் கழற்றினால் அரை மணி நேரத்தில் களைப்பும் போய்விடுமாம். அப்படித்தான் காகிதத்தில் எழுதியிருக்கிறது. காகிதம் எங்கே மலையேறியது? அரை மணி கழித்து எழுந்து வீட்டுக்குப் போவோம், சோறு வைப்போம், தூங்குவோம். ஆனால் ஏறாத மலையின் அசதி எலும்புக்குள் எங்கேயோ தங்கிவிடும். அதை யாரிடம் சொன்னாலும், நீ என்ன செய்தாய் அசதி வருவதற்கு என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

நாற்காலியின் கைப்பிடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் களைப்பு வந்த வழியே திரும்பிப் போய்விடும். மேலே இருப்பவர் அந்த இடத்திலேயே உட்காருவார், வழிகாட்டிகள் அவரைக் கீழே கொண்டுவருவார்கள். அதற்குப் பிறகு அந்த உடம்புக்கு ஆயுசுக்கும் இந்த மலை கிடையாது. அதுதான் விதி. ஆகவே சும்மா அமுக்க முடியாது, அமுக்காமலும் இருக்க முடியாது. களைப்புத் தெரியாதவனுக்குத் தன் உடம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. அது கீழே இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும்.

போன வருஷம் ஏழாம் நாற்காலியில் லூர்து அக்கா இருந்தாள். அன்றைக்கு அவளுக்கு லேசாகக் காய்ச்சல். மத்தியானம் உடம்பெல்லாம் தள்ளாடிக்கொண்டு வந்தபோது காய்ச்சல்தான் ஏறுகிறது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். மேலே எரிமலை வாயின் விளிம்பில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த மனிதர் அப்படியே சரிந்தார். இறக்கிக்கொண்டு வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது என்று சொன்னார்கள். அடுத்த கப்பலிலேயே லூர்து அக்காவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் கல் தூக்குகிற வழக்கம் வந்தது. யாரும் உத்தரவு போடவில்லை, நாங்களாகவே தொடங்கினோம். கூடத்து முற்றத்தில் சோற்றுப்பானை அளவுக்கு ஒரு எரிமலைக் கல் கிடக்கிறது. காலையில் பட்டை மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியும் அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி இறக்க வேண்டும். இன்றைக்கு என் சொந்த அசதி இவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான். அதற்கு மேல் வருவதெல்லாம் அடுத்தவருடையது. அந்த நேரத்தில் மலையேறுகிறவர்கள் வழிகாட்டிகளோடு முற்றத்துக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். இது ஏதோ மலைக்குச் செய்யும் பூசை என்று நினைத்துப் படம் பிடிப்பார்கள்.

அந்த வழிகாட்டிகளில் ஒருவர் எங்கள் வீட்டுக்காரர், தவசி. ஐம்பத்தேழு வயது. கம்பெனியெல்லாம் வருவதற்கு முன்னால், எரிமலையைக் கண்காணிக்க ஒரு தகரக் கொட்டகை மட்டும் இருந்த காலத்தில், மேலே போகும் பாதையை வெட்டிய ஐந்து பேரில் ஒருவர். மற்ற நால்வரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவரைப் பொறுத்தவரை அந்த மலை இவருடையது. கம்பெனி அதில் குடியிருக்கிறது, அவ்வளவுதான்.

உடன்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி நான் இங்கே வந்து இறங்கிய இரண்டாம் மாதம் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருபத்தேழு வருஷம் ஆகிறது. அவர் ஏறுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். நாற்பது தப்படி போனதும் நிற்பார். இடது பக்கமாகத் திரும்பி, பின்னால் வருகிறவர் முகத்தைப் பார்ப்பார். வலது முட்டியில் ஒரு முறை கல் உருண்டு விழுந்ததிலிருந்து அந்தப் பக்கம் திரும்ப மாட்டார். முகம் சரியாக இருந்தால் அடுத்த நாற்பது. கல்யாணமான இரண்டு மாதத்தில் அவர் என் முகத்தைப் பார்த்ததெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு நாளுக்கு ஈடாகாது. எனக்கு அன்றைக்குக் கால் வலித்ததாகவே நினைவில்லை.

இந்தப் பருவம் தொடங்கியதும் என் நான்காம் நாற்காலிக்கு ஒரு சனியன் வந்து சேர்ந்தது. மற்ற நாற்காலிகளில் நாளுக்கு ஒரு ஆள் மாறும். எனக்கு மட்டும் தினம் தினம் அதே ஆள். நீண்ட நாள் தங்கும் விருந்தினர், ஆராய்ச்சிக்காரர் என்றார் மேனேஜர். ஆராய்ச்சிக்காரருக்கு வயதாகியிருக்க வேண்டும். வலது கால் ஊன்றும் ஒவ்வொரு தப்படிக்கும் முட்டியில் ஊசி இறங்கியது. இடுப்பு கழன்றது. சாயங்காலம் கூடத்திலிருந்து வீட்டுக்கு இருக்கும் இருநூறு கஜத்தை நொண்டிக்கொண்டே கடந்தேன். இந்தக் கிழத்துக்கு வீட்டில் கட்டில் இல்லையா, எதற்கு என் உயிரை எடுக்கிறது என்று வாய்விட்டே திட்டினேன்.

வீட்டிலோ வேறு கதை. முன்பெல்லாம் மலையிலிருந்து வந்ததும் விழுந்து படுக்கிற மனுஷன், இப்போது எனக்கு முன்னால் வந்து மீன் கழுவி வைத்திருந்தார். துணி துவைத்தார். சீழ்க்கை அடித்தார். கறுப்பு மணலில் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா என்று கேட்டார். கல்யாணமான புதிதில்கூடக் கேட்காத கேள்வி. இந்த வயதில் என்ன துள்ளல் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நான் சுருண்டு படுத்ததும் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்து வலது முட்டியில் தேய்த்துவிடுவார். நான் வாங்கிக்கொண்டு வள்ளென்று விழுவேன். அவர் இன்னொரு கை எண்ணெய் எடுப்பார்.

ஐந்தாம் வாரம் ஒரு நாள், வலியை மறக்க ஏதாவது எண்ணிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. களைப்பு படிப்படியாக ஏறும், பிறகு ஒரு கணம் தளரும், மறுபடி ஏறும். ஒவ்வொரு முட்டிக் குத்தையும் இரட்டித்து எண்ணினேன், வலது காலுக்கு மட்டும்தானே வலி. நாற்பதில் தளர்ந்தது. அடுத்ததும் நாற்பது. அதற்கடுத்ததும். தளரும்போது இடுப்பில் ஒரு சின்ன முறுக்கு, இடது பக்கமாக.

கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் குனிந்து மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்றேன். வெயிலில் கறுத்த கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்திருந்தது. என்ன என்றார். ஒன்றுமில்லை என்றேன். வழக்கமாக அதை அவர்தான் சொல்லுவார். காலையில் எவ்வளவு ஏறி இறங்கினாலும், எப்படி இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை. முட்டி வீங்கினால் ஒன்றுமில்லை. இருபத்தேழு வருஷமாக அந்த ஒன்றுமில்லைக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அடுக்களைக்குள் போய் அழுதேன். திட்டினதையெல்லாம் நினைத்து நினைத்து அழுதேன்.

மறுநாள் நப்பின்னையைத் தனியாகப் பிடித்தேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு உடைத்துச் சொன்னாள். ஐம்பது தாண்டிய வழிகாட்டிகள் வேகம் போதவில்லை என்று எல்லாரையும் கப்பலேற்ற இருந்தார்களாம். அதற்குப் பதிலாகப் பட்டை கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்றாம். வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எந்த நாற்காலிக்கு யார் என்று கணினிதான் போடுகிறது. தன் மனைவியின் நாற்காலியாக மட்டும் இருக்கக் கூடாது என்று இவர் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டாராம், மேனேஜரும் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம்.

"நல்லாப் பாத்துக்கிட்டாரு" என்றேன்.

"அக்கா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. களைப்பு ஒரு வேலி மாதிரிங்க. அவருக்கு வேலியை எடுத்தாச்சு. மனசு ஏறச் சொல்லுற வரைக்கும் ஏறுவாரு. எங்க நிக்கோணும்னு உங்களுக்குத்தான் தெரியும். நின்னு நின்னு போறது தப்பில்லை. ஆனா நிக்கற இடைவெளி நெருங்கிட்டே வந்தா ஒடம்பு கைவிடுதுன்னு அர்த்தம். அப்ப யோசிக்காதீங்க."

நான் அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் கழற்றி வைப்பார். கழற்றி வைத்தால் ஒரே வாரத்தில், வேகம் போதவில்லை என்று அனுப்பிவிடுவார்கள். மலையில்லாமல் அந்த மனுஷனை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதோடு எனக்கும் ஒரு வீம்பு இருந்தது, அவரே வாய் திறந்து சொல்லட்டும் என்று. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தெரிந்த பிறகு அந்தக் களைப்பு பழைய மாதிரி கனக்கவில்லை. வலி அதே வலிதான். ஆனால் நாற்பதுக்கு ஒருமுறை இடுப்பு இடது பக்கம் முறுக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு கறுப்புப் பாறைகளுக்கு நடுவே அவர் திரும்பிப் பார்ப்பதைப் பார்ப்பேன். யாரோ ஒரு சுற்றுலாக்காரனைத்தான் பார்க்கிறார். இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படி ஒரு மாதம் போயிற்று. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை நாற்பது வரவில்லை. முப்பத்தாறில் நின்றார்.

ஒரு நாள் தப்பாக எண்ணியிருப்பேன் என்று விட்டேன். மறுநாளும் முப்பத்தாறு. அடுத்த வாரம் முப்பது. நிற்கும் நேரமும் நீண்டது. முன்பு ஒரு மூச்சு, இப்போது மூன்று மூச்சு, நான்கு மூச்சு. நப்பின்னை சொன்னது காதிலேயே நின்றது. சாயங்காலம் அவர் முகத்தைப் பார்ப்பேன். சீழ்க்கை அடித்துக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். லூர்து அக்காவின் ஆளும் சிரித்துக்கொண்டுதானே சரிந்தார். வெள்ளிக்கிழமை இருபது. எனக்குச் சோறு இறங்கவில்லை, படுத்தாலும் விரல்கள் தானாக எண்ணிக்கொண்டிருந்தன. பொத்தானை அமுக்கினால் அவருக்கு மலை இல்லை. அமுக்காவிட்டால் எனக்கு அவர் இல்லை. ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் என்னால் கல்லைத் தூக்க முடியவில்லை. முதல் முறை முழங்கால் உயரத்தில் நழுவியது. இரண்டாம் முறையும் கீழே வைத்துவிட்டேன். மூன்றாம் முறை எப்படியோ இடுப்புவரை கொண்டுவந்து இறக்கினேன். முற்றத்துக்கு வெளியே ஆட்கள் வழக்கம்போலப் படம் பிடித்தார்கள். வழிகாட்டிகள் தொப்பியைச் சரி செய்துகொண்டு நின்றார்கள். நான் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்து பட்டையை மாட்டினேன்.

காட்டுப் பாதையிலேயே பதினாறு. வெந்நீர் ஊற்றைத் தாண்டும் ஏற்றத்தில் பதினான்கு. கந்தகக் கணவாய்க்கு வந்ததும் பன்னிரண்டு. பன்னிரண்டு தப்படி, ஒரு முறுக்கு, ஆறு மூச்சு. மறுபடி பன்னிரண்டு. அந்தக் கணவாய்க்கு மேலே விளிம்புவரைக்கும் நிழல் கிடையாது. லூர்து அக்காவின் ஆள் சரிந்தது அந்த விளிம்பில்தான். என் கை பொத்தான் மேல் இருந்தது. அவர் முகம், பாதை, நாங்கள் முதன்முதலாக ஏறிய நாள், எல்லாம் ஒன்றாக வந்து முட்டியது. எங்க மலையம்மா, இவரை நீயே வச்சுக்கிடாத என்று சொல்லிக்கொண்டு அமுக்கினேன்.

உடம்பு சட்டென்று லேசானது. இரண்டரை மாதத்தில் அப்படி லேசானதே இல்லை. எழுந்து ஓடலாம் போல இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பு.

மூன்று மணி நேரம் கழித்துத் தோளில் கை போட்டு இரண்டு பேர் அவரை நடத்திக்கொண்டு வந்தார்கள். முகம் சாம்பலாக இருந்தது. முற்றத்தில் அந்தக் கல்லின் மேல் உட்கார வைத்தார்கள். நான் வாசல்வரை போனேன். என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். மேனேஜர் வந்து, இனி மலைக்கு இல்லை, ஆனால் அடிவாரத்தில் சீட்டுக் கிழிக்கிற வேலை தருகிறோம், குடியிருப்பும் இருக்கும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். இவர் தலையாட்டினார்.

நப்பின்னை அன்றைக்கே எல்லாச் சோதனையும் செய்தாள். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னாள். வலது முட்டி தேய்ந்திருக்கிறது, அது பழையது. மற்றபடி இருதயம் கல்லு மாதிரி இருக்கிறது, நாற்பது வயதுக்காரனுக்குக்கூட இப்படி இருக்காது என்றாள். இன்னும் நான்கைந்து வருஷம் ஏறியிருக்கலாம்.

"அப்ப எதுக்குப் பன்னெண்டுக்கு ஒருக்க நின்னாரு?" என்றேன்.

"தெரியலைங்க்கா. அதுதான் எனக்கும் புரியலை."

ஏழு நாள் அவர் என்னோடு பேசவில்லை. கோபமென்று சொல்ல முடியாது. இப்போது அவர் களைப்பு அவரிடமே இருந்தது, அதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சீட்டுக் கிழிக்கப் போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார். சீழ்க்கை நின்றுபோனது. சன்னல் வழியாக மலை தெரியும். அந்தச் சன்னலைச் சாத்தியே வைத்தார். அவரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், நப்பின்னை பேசிய பிறகு அதையும் சொல்ல முடியாமல் போயிற்று. என்னை நான்காம் நாற்காலியிலிருந்து ஒரு வாரம் விலக்கி, துணி மடிக்கிற வேலை கொடுத்திருந்தார்கள்.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பின்கட்டில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அருகே போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தேன். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நீதானே கனி அமுக்குன?"

"ஆமா."

"நாலாம் நாற்காலின்னு எனக்குத் தெரியும்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மொத வாரமே. நீ வலது காலை நொண்டிக்கிட்டு வந்தேல்லா. நாற்காலியில உக்காந்திருக்கவளுக்கு எதுக்கு வலது முட்டி வலிக்கும்? அது என் முட்டி."

எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்து தேய்த்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. எந்தக் கால் என்று அவர் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

"தெரிஞ்சும் போட்டுக்கிட்டு ஏறுனீயளா?"

"ஏறுனேன்."

"கழட்டி வைக்கணும்னு தோணலியா?"

நகவெட்டியில் ஒட்டியிருந்த நகத்தைத் தட்டிவிட்டார். "தெனமும் தோணும். காலையில பட்டையைக் கையில எடுக்கும்போது தோணும். மாட்டுன பிற்பாடு தோணாது. மாட்டுனா ஒடம்பு முப்பது வயசாயிருது கனி. அந்த மலையை மறுபடி அப்படி ஏறுவேன்னு நான் நெனைக்கவே இல்ல. பொய் சொல்லப்பிடாது. ஒன்னைவிட அது எனக்குப் பெருசாத் தெரிஞ்சுது, ஏறுற நேரத்துக்கு மட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தை எடுத்து நிறுத்தத் தெம்பில்லை. பிறகு அவரே தொடர்ந்தார்.

"ஒனக்கு ரொம்ப முடியாமப் போச்சுன்னு தெரிஞ்சதும் கொறைச்சுக்கிட்டேன். முப்பதுக்கு நின்னேன், இருபதுக்கு நின்னேன். நான் நின்னா ஒனக்குக் கொஞ்சம் எளைப்பாறும்லா. கடைசி அன்னைக்கு நீ கல்லை ரெண்டு மட்டம் நழுவ விட்டே, வரிசையில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்குப் பன்னெண்டுக்கு மேல எடுத்து வைக்க மனசு வரல. கூட வந்தவங்கெல்லாம் என்ன கிழவா, ஒனக்கு வயசாச்சான்னு சிரிச்சாங்க." நகவெட்டியை மடக்கினார். "அதுக்குள்ள நீ எதுக்கு அமுக்குன?"

பாத்திரத்துச் சாம்பல் கையில் காய்ந்து இழுத்தது. நீங்கள் நின்று நின்று போனீர்கள், உடம்பு கைவிடுகிறது என்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்தது. அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அழுதிருந்தாலும் ஆச்சரியமில்லை. இரண்டும் இல்லை. இரண்டு பேரும் அந்தப் பின்கட்டிலேயே வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். சண்டை போட வேண்டிய விஷயம் இது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

திங்கட்கிழமை காலையில் என்னை மறுபடி நாற்காலிக்குப் போகச் சொன்னார்கள். கல்லைத் தூக்கினேன், ஒரே முறையில் வந்தது. வரிசைக்குப் பக்கத்தில், சீட்டு மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார். நான் கல்லை இறக்கும்வரை பார்த்துவிட்டு அடுத்த சீட்டைக் கிழித்தார்.

நான்காம் நாற்காலிக்குப் புது ஆள். வாலிபம் போல, முட்டியில் வலியே இல்லை. காட்டுப் பாதையில் தொடைக் கடுப்பை வைத்து எண்ணத் தொடங்கினேன். நாற்பது வந்தது, போயிற்று. எண்பது வந்தது. நூற்றிருபது வந்தது. வெந்நீர் ஊற்று, கந்தகக் கணவாய், விளிம்பு என்று அந்தக் களைப்பு ஒரே சீராக ஏறிக்கொண்டே போயிற்று. அன்று முழுக்க ஒரு தடவைகூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.